ரீலோடிங் பவுடர் ஈரமானா என்ன ஆகும், காய்ஞ்சா என்ன ஆகும்: அறிகுறிய வெச்சு கண்டுபிடிக்கிற வழி

ரீலோடிங்னா சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்ட (கேஸ்) எடுத்து, புது பிரைமர் (பவுடர பத்த வெக்கிற சின்ன மூடி), பவுடர், குண்டு (புல்லட்) போட்டு மறுபடியும் தோட்டா ஆக்கறது. அத பண்றவங்க எல்லாருக்கும் ஈரம்னா பயம், அது இருக்க வேண்டியதுதான், ஆனா காத்து ரொம்ப காய்ஞ்சு கெடக்கற எடத்துல பவுடர தெறந்து வெக்கிறது அதைவிட மோசம்ங்கறது நெறைய பேருக்கு தெரியறதில்ல. ஈரம் ஏறின பவுடர் மெதுவா எரியும், வேகம் கொறையும், குண்டு கீழ போய் விழும், பெரும்பாலும் அதோட போச்சு. காய்ஞ்ச பவுடர் வேகமா எரியும், சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறை) பிரஷர் ஏறும், எவ்வளவு பவுடர் போடலாம்னு ரீலோடிங் மேனுவல் சொல்ற மேக்ஸிமம் பக்கத்துல ஏற்கனவே லோடு பண்ணி வெச்சிருந்தீங்கன்னா அந்த ஏத்தத்துக்கு எடமே இருக்காது. அதனால கீழ சொல்றதுல காய்ஞ்ச பக்கத்துக்குதான் நெறைய எடம் குடுத்திருக்கேன்.

இது அமெரிக்கா மாதிரி வீட்ல ரீலோடிங் பண்ண சட்டம் விடற எடத்துல இருக்கறவங்களுக்கு. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம், அங்க இருந்து படிக்கிறவங்க விஷயத்த தெரிஞ்சுக்கறதோட நிறுத்திக்கோங்க.

அடிப்படை கொஞ்சம் பாத்துடலாம். இன்னிக்கு ரைபிள்லயும் பிஸ்டல்லயும் போடற புகையில்லா பவுடரோட மெயின் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ், பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் ஆசிட் கலவையில போட்டு எடுக்கறது. மூலம் பஞ்சுங்கறதால காத்துல ஈரம் இருந்தா கொஞ்சம் இழுத்துக்கும், காத்து காய்ஞ்சா விட்டுடும். நைட்ரோகிளிசரின் சேர்த்த டபுள் பேஸ் பவுடர் பொதுவா கம்மியா இழுக்கும், ஆனா சுத்தமா இழுக்காதுன்னு இல்ல. ஃபேக்டரில இருந்து வர்றப்பவே பவுடருக்குள்ள சுமாரா ஒரு சதவீதமோ அதுக்கு கம்மியாவோ ஈரம் இருக்கும், அத வேணும்னே அந்த அளவுல வெக்கிறாங்க, மேனுவல்ல இருக்கற லோடு எல்லாம் அந்த ஈரத்தோட இருக்கற பவுடர வெச்சு டெஸ்ட் பண்ணினது. நம்ம வேலை அந்த நிலைமைய அப்படியே காப்பாத்தறது, இன்னும் நல்லா காய வெக்கிறது இல்ல.

போன வாரம் சரியா இருந்த லோடு, இன்னிக்கு போல்ட் தூக்க கனமா இருக்கு

இதுல இருந்தே ஆரம்பிக்கணும், ஏன்னா இதுலதான் ஆபத்து. போல்ட் (சேம்பர பின்னாடி இருந்து அடைக்கிற உருளை) கைப்பிடி தூக்கறப்ப இறுகுது, கேஸோட அடியில, சுட்ட கேஸ வெளிய தள்ற எஜெக்டரோட ஓட்டை அளவுக்கு பளபளன்னு ஒரு வட்டம் பதிஞ்சிருக்கு, பிரைமர் ஓரம் வரைக்கும் தட்டையாகி பாக்கெட்ட நெரப்பி நிக்குது, குண்டோட வேகத்த அளக்கற குரோனோகிராப்ல வேகம் வழக்கத்தவிட கூட காட்டுது. பிரைமர் தட்டையானது மட்டும்னா அத நம்பி முடிவு பண்ண முடியாது, சில பிரைமர் சாதாரண பிரஷர்லயே தட்டையாகும், ஆனா போல்ட் இறுகறதும் எஜெக்டர் தடமும் சேந்து வந்தா சந்தேகமே வேண்டாம், சுடறத அப்பவே நிறுத்துங்க. இன்னும் ரெண்டு சுட்டு பாத்துட்டு முடிவு பண்ணலாம்ங்கற எண்ணமே வேண்டாம்.

இப்ப காரணம் காய்ஞ்ச பவுடரா இல்ல வேற ஏதாவதான்னு பிரிச்சு பாக்கணும். வெயில் காரணமா இருக்கலாம், தோட்டா கார் டேஷ்போர்டுல கெடந்து சூடாகியிருக்கலாம், சேம்பர் கழுத்துல கார்பன் வளையம் கட்டியிருக்கலாம், கேஸ் நீளம் கூடியிருக்கலாம். இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு: அதே லோடுல சில மாசம் முன்னாடி பண்ணி வெச்ச தோட்டாவ எப்பவும் ஒரு அஞ்சாறு எடுத்து ஓரமா வெச்சிருங்க. சந்தேகம் வந்தா, நிழல்ல வெச்சு ரெண்டையும் ஒரே சூட்டுக்கு கொண்டு வந்துட்டு, பேரல் ஆறினப்புறம், முதல்ல பழைய தோட்டாவோட வேகத்த மட்டும் பாருங்க. அதுவும் கூடவே காட்டினா கோளாறு வெயில்லயோ பேரல்லயோ குரோனோகிராப்லயோ இருக்கு. பழசு எப்பவும் போல இருந்து, புதுசா லோடு பண்ணினது மட்டும் எகிறியிருந்துதுன்னா, கை பவுடர் டப்பா பக்கம்தான் போகணும், அந்த புது தோட்டாவ மேற்கொண்டு சுட வேண்டாம். புல்லட் அழுத்தி மூடியிருக்கறதால தோட்டாவுக்குள்ள இருக்கற பவுடர் வெளிக்காத்தோட ரொம்ப மெதுவாதான் ஈரத்த மாத்திக்கும், அதனாலதான் பழைய தோட்டா அளவுகோலா ஒத்துழைக்குது.

பவுடர் எப்படி காய்ஞ்சிருக்கும்? அரிசோனா பாலைவனத்துல ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஜூன் மாசம் மத்தியானத்துல ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு கீழ போறது அங்க சாதாரணம். ஆனா மினசோட்டா, மிச்சிகன் மாதிரி குளிர் பிரதேசத்துக்காரங்கதான் இதுல ஏமாந்து போறாங்க, வெளிய பனி கொட்டுது ஈரமாதானே இருக்கும்னு நெனப்பாங்க. வெளிக்காத்து 0 டிகிரி செல்சியஸ்ல 80 சதவீத ஈரப்பதத்தோட இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதே காத்து வீட்டுக்குள்ள வந்து ஹீட்டர்ல 22 டிகிரிக்கு சூடானா ஈரப்பதம் 18 சதவீதத்துக்கு பக்கத்துல வந்து நிக்கும். ஹியூமிடிஃபயர் இல்லாத வீட்ல ஜனவரி மாசம் பவுடர ஹாப்பர்ல (பவுடர அளந்து விடற கருவியோட தொட்டி) கொட்டி ராத்திரி முழுக்க விட்டா, பாலைவனத்துல விட்டதுக்கு சமம்.

கணக்கு பாருங்க. ஒரு தோட்டாவுக்கு 40 கிரெய்ன் (பவுடர் எடை போடற சின்ன அளவு) போடறீங்கன்னு வெச்சுக்குவோம். பவுடர்ல 1 சதவீதம் ஈரம்னா அதுல 0.4 கிரெய்ன் வெறும் தண்ணி. காய்ஞ்சு அரை சதவீதத்துக்கு வந்துட்டா தண்ணி 0.2 தான், தராசு அதே 40 காட்டும், ஆனா எரியற சரக்கு 0.2 கிரெய்ன் கூடிப்போச்சு. இது சின்ன அடி. பெரிய அடி என்னன்னா காய்ஞ்ச பவுடரோட எரியற வேகமே ஏறிடுது. ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுதுங்கறதுதான் இதுல இருக்கற கெட்ட விஷயம், எடை போட்டு துல்லியமா லோடு பண்றவங்கதான் இதுல முழுசா மாட்டுவாங்க.

என்ன பண்ணலாம்: அந்த பேட்ச் தோட்டாவ சுடாம புல்லட்ட புல்லர் வெச்சு பிரிச்சுடுங்க. அந்த டப்பாவுல மிச்சம் இருக்கறத வெச்சுதான் ஆகணும்னா, மேனுவல்ல இருக்கற ஆரம்ப லோடுக்கு இறங்கி, புது பவுடர் மாதிரி மறுபடியும் படிப்படியா ஏறி வாங்க. ஈரத்துணி, ஸ்பாஞ்சு, பழத்தோல் இதெல்லாம் டப்பாவுக்குள்ள போட்டு பவுடர மறுபடியும் ஈரமாக்க பாக்காதீங்க, ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் காய்ஞ்சு நிக்கும், ஒரு தோட்டாவுக்கும் இன்னொண்ணுக்கும் ஒத்தே போகாது.

சிலிகா ஜெல் பாக்கெட்டையும் இங்கயே சொல்லிடறேன். ஷூ டப்பாவுல வர்ற அந்த பாக்கெட்ட பவுடர் டப்பாவுக்குள்ள போடறது நல்லதுன்னு நெறைய பேர் செய்றாங்க, செய்யவே கூடாது. ஃபேக்டரி கணக்கு பண்ணி விட்டு வெச்ச ஈரத்த அது உறிஞ்சி எடுத்துடும், மேல சொன்ன பிரச்சனைய நீங்களே உக்காந்து தயாரிச்ச மாதிரி ஆகிடும். துப்பாக்கி பீரோவுக்குள்ள துரு பிடிக்காம இருக்க அது வேணும், பவுடர் டப்பாவுக்குள்ள வேண்டாம்.

வேகம் கொறையுது, தூரத்துல குண்டு கீழ விழுது

மேல சொன்னதுக்கு நேர் எதிர். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், ஃப்ளோரிடா பக்கம், ஏசி இல்லாத கராஜ்ல ரீலோடிங் பெஞ்ச் வெச்சிருக்கறவங்களுக்கு அடிக்கடி வரும். 100 கஜத்துல வித்தியாசமே தெரியாது, 600 கஜத்துக்கு போனாத்தான் குண்டு பட்ட ஓட்டை எல்லாமே கீழ எறங்கியிருக்கறது கண்ணுக்கு படும். கேஸ் கழுத்துல வழக்கத்தவிட கூட கரி படியறது, பேரல்ல எரியாத பவுடர் துணுக்கு மிச்சம் நிக்கறது இதெல்லாம் சேந்து வரலாம்.

இதுல பயப்பட பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு தப்பு மட்டும் பண்ணிடாதீங்க. வேகம் கொறைஞ்சுடுச்சேன்னு பவுடர கூட்டி பழைய வேகத்துக்கு கொண்டு வந்து, அந்த அளவையே நோட்ல எழுதி வெச்சுட்டு, அப்புறம் குளிர்காலத்துல புது டப்பா தெறந்து அதே அளவு போட்டீங்கன்னா நேரா முதல் அறிகுறிக்கு போய் நிப்பீங்க. ஜூலை ஆகஸ்ட்ல ஒஹாயோவுல ஏரிக்கரையில நடக்கற கேம்ப் பெர்ரி துப்பாக்கி சுடற போட்டிக்கு போறவங்க, வறண்ட மாநிலத்துல இருந்து வந்தா, லோடு பண்ற வேலைய வீட்லயே முடிச்சுட்டு தோட்டாவா எடுத்துட்டு வர்றது நல்லது.

இன்னொண்ணு. எச்4350, வார்கெட் மாதிரி ஹாட்ஜன் எக்ஸ்ட்ரீம் வகை பவுடர் வெயில் குளிர்ல வேகம் ரொம்ப மாறாதுன்னு பேர் வாங்கினது, அது உண்மைதான். ஆனா அது சூட்ட பத்தின பேச்சு, ஈரத்த பத்தினது இல்ல. வெப்பத்துக்கு அசையாத பவுடரும் ஈரத்துக்கு அசையும், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

ஒரே நாள்ல பண்ணின தோட்டாதான், ஆனா முதல்ல பண்ணினதும் கடைசியா பண்ணினதும் வேற வேற வேகம்

இத கண்டுபிடிக்க லோடு பண்ற வரிசையிலயே தோட்டாவ பெட்டியில அடுக்கி, அதே வரிசையில சுடணும், அத செய்யாதவங்களுக்கு இது வெறும் பெரிய எஸ்டியா (தோட்டாவுக்கு தோட்டா வேகம் சிதறற அளவு) மட்டும்தான் தெரியும். வேகம் ஒரே பக்கமா மெல்ல நகந்துட்டே போனா ஹாப்பர் மூடி தெறந்திருந்துதான்னு பாருங்க. காலையில பவுடர் கொட்டினது, நடுவுல சாப்பிட போனது, சாயங்காலம் வந்து மிச்சத்த முடிச்சது, இதுக்குள்ள பவுடர் ரூம் காத்தோட சமரசம் பண்ணிக்கிட்டிருக்கும்.

தராசுலயே இத நேர்ல பாக்கலாம். தட்டுல கொஞ்சம் பவுடர் போட்டு, எண்ண குறிச்சு வெச்சுட்டு, ஏசி காத்து படாத மாதிரி மூடி எறக்கி அரை மணி நேரம் விடுங்க. ஈரமான ரூம்ல எண் மெல்ல ஏறும், காய்ஞ்ச ரூம்ல எறங்கும். ஆனா டிஜிட்டல் தராசு தானாவும் நகரும், சூடாக நேரம் எடுக்கும், பக்கத்துல போன் இருந்தா கூட சிலது ஆடும், அதனால பவுடர கொட்டிட்டு செக் வெயிட் (எடை உறுதியா தெரிஞ்ச கட்டி) ஒண்ண வெச்சு பாத்துடுங்க. செக் வெயிட் அதே எண்ண காட்டுது, பவுடர் மட்டும் மாறியிருக்குன்னா குத்தம் தராசு மேல இல்ல.

இதே வழிய டப்பாவுக்கும் செய்யலாம், நான் எல்லாருக்கும் சொல்ற பழக்கம் இது. வேலை முடிஞ்சு மூடி போட்டப்புறம் டப்பாவோட மொத்த எடைய ஒரு ஸ்டிக்கர்ல தேதியோட எழுதி ஒட்டிடுங்க. ஒரு பவுண்டுங்கறது 7000 கிரெய்ன், அரை சதவீதம் ஈரம் போனா 35 கிரெய்ன், அதாவது ரெண்டேகால் கிராமுக்கு மேல, நல்ல சமையல் தராசுலயே தெரியற வித்தியாசம் இது. ஆறு மாசம் கழிச்சு எடுக்கறப்ப எடை எறங்கியிருந்தா மூடி சரியா உக்காரலைன்னு அர்த்தம், லோடு பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு.

வேலை முடிஞ்சதும் ஹாப்பர்ல இருக்கறத அதே டப்பாவுக்கு திருப்பிடணும், ராத்திரிக்கு விடவே கூடாது. ஈரம் ஒரு காரணம். டபுள் பேஸ் பவுடர் பிளாஸ்டிக் ஹாப்பர் சுவர அரிச்சு மங்கலாக்கும், அது இன்னொரு காரணம். எல்லாத்தையும் விட முக்கியம், மறுநாள் வந்து பாத்தா உள்ள இருக்கறது எந்த பவுடர்னு மறந்துபோகும், அடையாளம் தெரியாத பவுடர எந்த காலத்துலயும் லோடு பண்ணக்கூடாது. பெஞ்ச் மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும்.

பவுடர் ஹாப்பர் சுவத்துலயும் ஃபன்னல்லயும் ஒட்டிக்குது

ஈரத்தால ஒட்டுதுன்னு நெனச்சு இன்னும் காய வெக்க கெளம்பிடாதீங்க, பெரும்பாலும் இது ஸ்டாட்டிக், அதாவது ரூம் ரொம்ப காய்ஞ்சிருக்குங்கறதுக்கு சாட்சி. துணி உலர்த்தற மெஷின்ல போடற டிரையர் ஷீட்டால ஹாப்பர உள்பக்கம் தொடச்சா போயிடும். அதோட 10, 15 டாலருக்கு காத்து ஈரப்பதம் காட்டற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி பெஞ்ச் பக்கத்துல மாட்டுங்க. 40, 50 சதவீதம் பக்கம் நிலையா இருந்தா நல்லது, அதைவிட முக்கியம் வருஷம் முழுக்க ஒரே அளவுல இருக்கறது.

பவுடர் கட்டி கட்டியா இருக்கு

புகையில்லா பவுடர் வெறும் காத்து ஈரத்துல கட்டியாகறது அபூர்வம். கட்டி இருந்தா தண்ணியே பட்டிருக்கு. ரெண்டு எடத்துல பாருங்க. ஒண்ணு, குளிர்ந்த கராஜ்ல இருந்த டப்பாவ சூடான ஈரமான ரூமுக்கு கொண்டு வந்த கையோட தெறந்தது, குளிர்ந்த பவுடர் மேலயும் டப்பா சுவத்துலயும் காத்து ஈரம் தண்ணியா படியும். மூடியோட சில மணி நேரம் விட்டு ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் தெறக்கணும். ரெண்டு, ஸ்டீல் பின் போட்டு தண்ணியில கழுவின கேஸ சரியா காய விடாதது. வெளிய பளபளன்னு காய்ஞ்சிருக்கும், உள்ள ஃபிளாஷ் ஓட்டை (பிரைமர் தீ பவுடருக்கு வர்ற வழி) ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி நிக்கும், பழைய பிரைமர எடுக்காமலே கழுவியிருந்தா இன்னும் மோசம். கேஸ தலைகீழா தட்டி, டார்ச் அடிச்சு உள்ள பாத்து, பழம் காய வெக்கிற டீஹைட்ரேட்டர்ல ரெண்டு மூணு மணி நேரம் போட்டு எடுத்தா நிம்மதி. கேஸ பழைய அளவுக்கு அழுத்தி கொண்டு வர (ரீசைஸ்) பூசின மசகு கழுத்துக்குள்ள மிச்சம் இருந்தாலும் அங்க பவுடர் ஒட்டி நிக்கும்.

தண்ணி பட்ட பவுடர் போச்சு, அவ்வளவுதான். நமத்துப்போன தீபாவளி பட்டாச மொட்டமாடியில வெயில்ல பரப்பி காய வெக்கிற பழக்கத்துல இதையும் வெயில்ல வெக்கலாம், அவன்ல வெக்கலாம்னு யாரும் கெளம்பிடாதீங்க. அவன் யோசனை உயிருக்கே ஆபத்து. வெயில்ல வெச்சா எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு தெரியாத ஒரு பவுடர் மிஞ்சும், அத எந்த மேனுவலும் கணக்குல எடுத்துக்கல.

டிக்குன்னு சத்தம், சுடல, இல்ல லேட்டா சுட்டுது

பேரல டார்கெட் பக்கமே வெச்சு குறைஞ்சது 30 நொடி அசையாம காத்திருங்க. லேட்டா வெடிக்கிற ஹேங்ஃபயரா இருந்தா அந்த நேரத்துக்குள்ள வெடிச்சுடும். அப்புறம் தெறந்து பிரைமர பாருங்க. ஊசித்தடம் ஆழமில்லைன்னா ஃபயரிங் பின் பக்கம் பாக்கணும், பிரைமர் முழுசா உள்ள உக்காராததும் ரொம்ப சகஜமான காரணம். தடம் நல்லா ஆழமா இருந்தும் சுடலைன்னா பிரைமர்ல ஈரமோ எண்ணெயோ ஏறியிருக்கலாம், எண்ணெய் கைய வெச்சுக்கிட்டு பிரைமர தொடாதீங்க.

டப்புன்னு அமுங்கின சத்தம் வந்து, ஒதைப்பும் கம்மியா இருந்தா அடுத்த தோட்டா ஏத்தாதீங்க, செமி ஆட்டோன்னா விரல ட்ரிகர்ல இருந்து எடுத்துடுங்க. குண்டு பேரலுக்குள்ளயே நின்னிருக்கலாம், அதுக்கு பின்னாடி இன்னொண்ணு போனா பேரல் பொளந்துடும். துப்பாக்கிய காலி பண்ணி, பேரலுக்குள்ள ராடு விட்டு வழி தெளிவா இருக்கான்னு பாத்துட்டுதான் மத்ததெல்லாம். கேஸ்ல பவுடரே விழாதது இதுக்கு அடிக்கடி காரணம், ஹாப்பர் வாயில பவுடர் அடைச்சு நின்னு ஒரு கேஸ்ல பாதி விழுந்து அடுத்ததுல கூட விழறதும் உண்டு, அதனால அந்த பேட்ச் மொத்தத்தையும் ஒவ்வொண்ணா எடை பாக்காம சுட வேண்டாம்.

டப்பா தெறந்தா புளிச்ச ஆசிட் நெடி, செந்தூள், மூடியில துரு

நல்ல பவுடருக்கு ஈத்தர், ஆல்கஹால், அசிடோன் மாதிரி ஒரு கரைப்பான் வாசனை இருக்கும், அது தப்பில்ல. மூக்க அரிக்கிற ஆசிட் நெடி வந்தாலோ, செம்பழுப்பு தூளோ புகையோ தெரிஞ்சாலோ நைட்ரோசெல்லுலோஸ் சிதைய ஆரம்பிச்சுடுச்சு. சிதையறப்ப வர்ற நைட்ரஜன் ஆக்சைடு அந்த சிதைவையே இன்னும் வேகப்படுத்தும். அத புடிச்சு வெக்கத்தான் டைபினைலமைன் மாதிரி ஸ்டெபிலைசர் சேக்கறாங்க, அது தீந்துபோனா அப்புறம் தடுக்க ஒண்ணும் இல்ல. ஈரத்தவிட சூடுதான் இதுக்கு பெரிய எதிரி, கோடையில கொதிக்கிற கராஜும் மாடி அறையும் பவுடருக்கு ஆகவே ஆகாது. பிரான்ஸ்ல டூலான் துறைமுகத்துல 1907ல ஐயேனா, 1911ல லிபெர்த்தேன்னு ரெண்டு போர்க்கப்பல் வெடிச்சு நூத்துக்கணக்குல ஆளுங்க செத்ததுக்கு சிதைஞ்ச பவுடர் மேலதான் பழி விழுந்துது, ஸ்டெபிலைசர இவ்வளவு தீவிரமா எடுத்துக்கறதுக்கு காரணம் இதெல்லாம்தான்.

பழைய தோட்டாவுல இதே கோளாறு கேஸ் கழுத்துல பச்சையா களிம்பு பூக்கறதா தெரியும். ஒண்ண பிரிச்சு பாருங்க, உள்பக்கமும் புல்லட் அடியும் பச்சையா இருந்தா மொத்தத்தையும் ஒதுக்கிடுங்க. இப்படி கெட்டுப்போன பவுடர நல்ல பவுடரோட கலக்காதீங்க, குப்பைத்தொட்டியில வீசாதீங்க, வீட்ட விட்டு வெளிய, வேற எதுவும் எரியாத எடத்துல வெச்சுட்டு உள்ளூர் தீயணைப்பு நிலையத்தையோ பவுடர் கம்பெனியையோ கூப்பிட்டு கேளுங்க. நல்ல பவுடர கண்ணாடி ஜாடிக்கோ இறுக்கமான இரும்பு பெட்டிக்கோ மாத்தி வெக்கிறதும் தப்பு. ஒரிஜினல் டப்பா, தீ பட்டா சீக்கிரம் பிரிஞ்சு பிரஷர விடற மாதிரி செஞ்சது, அடைச்ச பெட்டி வெடிகுண்டா மாறும்.

கரும்பவுடர் ஆளுங்களுக்கு

மேல சொன்னது எதையும் அப்படியே இதுக்கு போடாதீங்க. கரும்பவுடர்ல முக்கால் பங்கு பொட்டாசியம் நைட்ரேட், மிச்சம் கரியும் கந்தகமும். காத்து ஈரம் மட்டும் இத ரொம்ப பாதிக்காது, ஆனா தண்ணி பட்டா நைட்ரேட் கரைஞ்சு வெளிய வந்து குருணை மேல வெள்ளையா பூக்கும், காய்ஞ்சப்புறமும் மூணு சரக்கும் முன்ன மாதிரி கலந்திருக்காது. வெள்ளை பூத்த பவுடர போட வேண்டாம். சுட்டதுக்கப்புறம் பேரல்ல நிக்கற கரி மட்டும் ஈரத்த நல்லா இழுக்கும், வறண்ட நாள்ல அது கல்லு மாதிரி இறுகி அடுத்த குண்ட எறக்க விடாது, ஈரமான நாள்ல மெத்துன்னு இருக்கும் ஆனா பேரல துரு பிடிக்க வெச்சுடும். அதனால ரேஞ்சுல இருந்து வந்த அன்னிக்கே சுடுதண்ணி ஊத்தி கழுவி, தொடச்சு, எண்ணெய் போட்டு வெச்சுடணும், மறுநாள் காலைக்குன்னு தள்ளினா குழாய்க்குள்ள செந்தடம் விழுந்திருக்கும்.